தோஹா வெக்கைக்கு எப்படிப் பழகுவது?

கல்முனையிலிருந்து முதன்முறை தோஹாவுக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர், வெக்கையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நம் ஊர் வெயிலில் வளர்ந்தது மட்டும் போதாது. யூலை, ஆகஸ்டில் அங்கே 45 பாகை சாதாரணம். குழாயைத் திறந்தால் கூரைத் தாங்கியில் காய்ந்த சுடுதண்ணீர்தான் வரும். அதனால் பலர் கோடையில் ஹீட்டரை நிறுத்திவிடுவார்கள். அதன் தொட்டியில் நிற்கும் தண்ணீர் ஏசி குளிரில் ஆறியிருக்கும், குளிக்க அதுதான் சுகம்.

யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குச் சட்டத் தடை உண்டு. யார் வற்புறுத்தினாலும் இறங்காதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம், அங்கே இரவு 9 என்றால் கல்முனையில் 11.30. வீட்டுக்குக் கோல் எடுப்பதென்றால் 7 மணிக்குள் எடுத்துவிடுங்கள்.