இரண்டாம் பாதியை யார் சொல்வது?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் கேரளத்துக்குப் போய் ஒரு வாரம் தியானம் செய்தேன். அங்கேதான் ஆவியானவரின் அபிஷேகம் கிடைத்தது. தீராமல் இருந்த தலைவலியும் போனது. இப்போது பிள்ளைகள் இருவரும் என்னோடு ஜெபக்குழுவுக்கு வருகிறார்கள். கணவர் கத்தாரில் இருக்கிறார். வீட்டில் மாமிதான் பிரச்சினை. வயது 76. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், தினமும் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை, இதைத் தாண்டி எதுவும் வேண்டாம் என்கிறார். அதுவும் இயந்திரம் மாதிரிதான். யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் முன்பாதி, பின்பாதி இரண்டையும் தாமே சொல்லி முடித்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் பரம்பரைக் கட்டு, அதாவது முன்னோர் பாவத்தால் வந்த சாபம், இருக்கிறது, அது மாமி வழியாக வருகிறது என்று குழுவில் ஒரு சகோதரர் சொன்னார். மாமியை எப்படி அபிஷேகத்துக்குள் கொண்டுவருவது? முடியாவிட்டால் தனிக்குடித்தனம் போகலாமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முன்பாதி, பின்பாதி இரண்டையும் மாமி தாமே சொல்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாமியிடம் உயிரில்லாத பக்தி இருப்பதற்கு அது சாட்சி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் மேல்தான் சாட்சி சொல்கிறது.

ஜெபமாலை சொல்லும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவார், மற்றவர்கள் 'தூய மரியே' என்று எடுத்து முடிப்பார்கள். ஒரு மாலைக்கு 53 முறை. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் வீட்டில் அந்த 53 முறையும் எடுத்துச் சொன்னது யார்? நீங்களும் பிள்ளைகளும்தானே? நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஜெபத்தைப் பாதியில் விடக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். அதனால் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்கிறார். ஆளில்லாத வீட்டில், ஏழு மணிக்கு, தினமும். இதற்கு இயந்திரம் என்றா பெயர்?

உங்கள் தியான அனுபவத்தை நான் சந்தேகிக்கவில்லை. தலைவலி போனதற்கு நானும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். 1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சில மாணவர்கள் செய்த ஒரு தியானத்திலிருந்து வளர்ந்ததுதான் உங்களுடையது போன்ற ஜெபக்குழுக்களின் அருங்கொடை இயக்கம். ஆவியானவரின் வரங்களை முன்னிறுத்தும் அந்த இயக்கம் திருச்சபைக்குள்ளேதான் இருக்கிறது. அந்நிய பாஷை, கைதட்டல் என்று முகம் சுளிக்கிற பங்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வதும் தவறுதான். ஆனால் ஒன்று கேளுங்கள். 1975-இல் இந்த இயக்கத்தாரை ரோமில் வரவேற்றவர் திருத்தந்தை ஆறாம் பவுல். அவரேதான் அதற்கு முந்தைய வருடம் மரியன்னை வணக்கத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குடும்பமாகக் கூடி ஜெபமாலை சொல்லும் வழக்கத்தை அதில் வலியுறுத்திச் சொன்னார். அவருக்கு இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடிந்தது. உங்கள் வீட்டில் ஏன் முடியவில்லை?

உங்கள் குழுவில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை அடிக்கடி வாசிப்பீர்கள். 14-ஆம் அதிகாரத்தில் 16-ஆம் வசனத்தை இன்று மறுபடி வாசியுங்கள். நீ ஆவியில் மட்டும் துதி சொன்னால், அது புரியாமல் பக்கத்தில் இருப்பவர் எப்படி 'ஆமென்' சொல்வார் என்று கேட்கிறார் பவுல். பக்கத்தில் இருப்பவரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் மாமி.

அவருக்கு ஆவியானவரைத் தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜெபமாலையில் மகிமை நிறை மறைபொருள்களை, அதாவது உயிர்ப்பு முதலான ஐந்து தியான நிகழ்வுகளை, சொல்லும்போது மூன்றாவதாக அவர் தியானிப்பது தூய ஆவியாரின் வருகையைத்தான். ஆவியாரின் வருகைக்காகக் காத்திருந்த மேல்மாடி அறையில் அப்போஸ்தலர்களோடு மாதாவும் ஜெபத்தில் இருந்தார் என்று திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரமே சொல்கிறது. நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே மாமி அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து, பரம்பரைக் கட்டு. இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். தலைமுறைச் சாபத்தை அறுக்கிறோம் என்ற ஜெபங்களை 2015-இல் போலந்து ஆயர்கள் தடுத்தார்கள். 2024-இல் ஸ்பெயின் ஆயர் பேரவையின் கோட்பாட்டு ஆணையமும் எச்சரித்தது. முன்னோர் பாவம் நம்மேல் ஒட்டியிருக்கிறது என்றால் ஞானஸ்நானம் எதற்கு? ஒரு சகோதரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அதைக் கேட்டு ஒரு வயதான அம்மாவைச் சாபத்தின் வாசலாகப் பார்க்கிறீர்கள். அந்தச் சகோதரருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? அருங்கொடைகள் உண்மையானவையா என்று தீர்ப்புச் சொல்வது திருச்சபையை நடத்துகிறவர்களின் பொறுப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே எழுதி வைத்திருக்கிறது. பங்குச்சாமியிடம் போய் இதை அப்படியே சொல்லுங்கள்.

தனிக்குடித்தனம் கூடாது. மகன் கடல் தாண்டி உழைக்கிறான், தாயை உங்களை நம்பி விட்டுப் போயிருக்கிறான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுங்கியவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. ஜெபத்தின் பேரால் மாமியைத் தனியாக விடுவதும் அதுதான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் வரிசையாகப் போய்ப் பாட்டியிடம் தோத்திரம் சொல்வோம். பாட்டி கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். தூங்கி வழிந்துகொண்டு சொன்ன ஜெபங்கள் எனக்கு நினைவில்லை. அந்த விரல் நினைவிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கடைசியாக எப்போது மாமியிடம் சிலுவை வாங்கினார்கள்?

ஜெபக்குழுவை விட வேண்டாம். நேரத்தை ஏழு மணிக்குப் பிறகு மாற்றச் சொல்லுங்கள், மாற்றாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்று ஏழு மணிக்குப் பிள்ளைகளோடு போய்ப் பாயில் உட்காருங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், மன்னிப்பு வசனமும் வேண்டாம். கணவரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஃபோனை நடுவில் வையுங்கள். மாமி தொடங்கட்டும். அவர் இரண்டாம் பாதிக்குப் போவதற்குள் நீங்கள் எடுத்துவிட வேண்டும். ஒருவேளை அவர் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று பழைய வாசகத்தில் தொடங்கினால், பதில் உங்களுக்கு வராமல் போகலாம். அப்போது நிறுத்தி, 'மாமி, சொல்லிக்கொடுங்க' என்று கேளுங்கள்.