சிகரெட் குறைந்தது, இடுப்பு பெருத்தது

கேள்வி: வயது 42. லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடித்தவன், மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது ஐந்தில் நிற்கிறேன். ஆனால் எடை 71 கிலோவிலிருந்து 75 ஆகிவிட்டது, பேன்ட் பட்டன் போட முடியவில்லை. 'தம்மை விட்டா இப்படித்தான் ஊதும், பேசாம பழையபடி பிடி' என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: பழையபடி பிடிக்காதீர்கள், அது முதல் விஷயம். உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நிகோடின் பசியை அமுக்கும், உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிக்கிற கலோரியையும் கொஞ்சம் கூட்டும். அது குறையக் குறைய பசியும் நாக்கு ருசியும் சேர்ந்தே திரும்பி வரும். முழுதாக விட்டவர்களுக்கே ஒரு வருஷத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள். சிலர் இளைப்பதும் உண்டு, சிலருக்கு 10 கிலோவையும் தாண்டும்.

ஆனால் நீங்கள் இன்னும் முழுசாக விடவில்லையே, அதற்குள் நாலு கிலோ என்றால் எனக்குச் சந்தேகம் டீக்கடை மேல்தான். ஒவ்வொரு தம்முக்கும் ஆபீஸை விட்டு இறங்கிப் பழகிய கால், தம் குறைந்தாலும் இறங்குவதை நிறுத்தாது. கை சும்மா இருக்கிறது, எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் பருப்பு வடை, அப்புறம் என்ன! ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் ஆறு டீக்கு 12 ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம், அதுவே 200 கலோரி. பாலையும் வடையையும் இன்னும் சேர்க்கவே இல்லை. கணக்கு எழுதுவது உங்கள் தொழில்தானே, ஒரு வாரம் நோட்டில் ஒரு பக்கம் சிகரெட், மறுபக்கம் வாயில் போட்டது எல்லாம் என்று எழுதிப் பாருங்கள், நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

டீயில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை, உடம்பிலிருந்து காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகை நின்றால் அதே டீ ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல். இதை 'சிகரெட் இல்லாமல் முடியவில்லை' என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன் (நானும் ஒரு முறை அப்படித்தான் விழுந்தேன்). அதனால் டீயைப் பாதியாக்குங்கள், சர்க்கரையும் தானாகக் குறையும்.

இந்த நேரத்தில் பட்டினி டயட் வேண்டவே வேண்டாம். பசித்த வயிற்றுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு சிகரெட்தான் முதலில் ஞாபகம் வரும். காலையில் டீயும் தம்முமாக ஓட்டியிருந்தால் இனி இட்லியோ கம்பங்கூழோ ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், அந்த நேரத்துக்கு லாரி ஷெட்டை ஒரு சுற்று நடங்கள், சட்டைப் பையில் சோம்போ ஏலக்காயோ வையுங்கள். வாய்க்கு ஏதாவது வேண்டுமே என்று பான் மசாலா பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அப்புறம், ஐந்திலேயே குடியிருக்காதீர்கள். குறைத்தவர்கள் மிச்சமிருப்பதை ஆழமாக இழுப்பார்கள், அதனால் லாபம் நினைத்த அளவு இருக்காது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும் இதயத்துக்கு வரும் கூடுதல் ஆபத்து, 20 பிடிப்பவருக்கு வருவதில் பாதிக்கு அருகில் இருக்கிறது. ஒரு தேதி குறித்து நிறுத்துங்கள். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் உதவும், எடை ஏறுவதையும் அது கொஞ்சம் தள்ளிப்போடும். ஆனால் மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், டீ குடித்த உடனே போட்டால் சரியாக ஏறாது, 15 நிமிஷம் விடுங்கள். சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-112-356, மத்திய அரசின் இலவச எண்.

பேன்ட்டுக்கு ஒரு வழி: பின்பக்கத் தையலுக்குள் தையல்காரர் துணி விட்டிருப்பார், ஒரு இன்ச் பிரித்துவிடச் சொல்லுங்கள்.