கிரிக்கெட் பந்துக்கும் அலைநீளம் உண்டு என்றால் அது ஏன் நமக்குத் தெரிவதில்லை?

நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பு என்று நினைக்கிறேன். ஓடும் எந்தப் பொருளுக்கும் ஓர் அலைநீளம் உண்டு என்று சொல்லும் டி ப்ராய் சமன்பாட்டைப் படித்ததும் வரும் சந்தேகம்தான். எனக்கும் வந்தது, கூடவே மானமும் போனது.

காலாண்டுத் தேர்வில் இதே கணக்கு. 160 கிராம் பந்து, வினாடிக்கு 40 மீட்டர் வேகம், அலைநீளம் என்ன? பிளாங்க் மாறிலியை நிறை, வேகம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குக் கால்குலேட்டர் கிடையாது, லாக் புக்தான் (மடக்கை அட்டவணை). 0.8213-இல் 0.8062 போக 0.0151. ஆன்டிலாக் 1.035. இதுவரை சரி. 34-இன் தலையில் போட வேண்டிய பாரை, அதாவது லாக் கணக்கில் மைனஸைக் குறிக்கும் மேல்கோட்டை, மட்டும் விட்டுவிட்டேன். என் விடை 1.035 × 10³⁴ மீட்டர்.

சார் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். "இவன் பந்து பிரபஞ்சத்துக்கு வெளியே போய் விழுந்திருக்குடா!" காணக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவே ஏறத்தாழ 10²⁷ மீட்டர்தான். அந்த வருஷம் முழுக்க என் பெயர் சிக்ஸர்.

உங்களுக்கான பதிலும் நான் தொலைத்த அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. மாறிலியின் மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடி. அதைப் பந்தின் உந்தத்தால் (நிறை × வேகம்) வகுத்தால் மிஞ்சுவது 10⁻³⁴ மீட்டர். அலை வளைவது தெரிய அதன் அலைநீளத்துக்கு ஒத்த இடுக்கு வேண்டும். அணுக்கருவே 10⁻¹⁵ மீட்டர் அளவு இருக்கும்போது, இந்த அலை எந்த இடுக்கில் நுழைந்து வளைந்து காட்டும்? எலக்ட்ரானின் நிறையோ 9.11 × 10⁻³¹ கிலோ. 54 வோல்ட்டில் முடுக்கினால் அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர்), கிட்டத்தட்ட படிகத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி. அதனால்தான் 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சியபோது விளிம்பு விளைவு, அதாவது அலைக்கே உரிய அந்த வளைதல், தெரிந்தது.

(ஒளிவேகத்தை நெருங்கும் துகளுக்கு இந்தப் பெருக்கல் போதாது என்று எனக்கும் தெரியும். பாடம் எடுக்க வராதீர்கள். இங்கே பேச்சு பந்தைப் பற்றி.)

அப்புறம், 1937-இல் இதற்கான நோபல் டேவிசனுக்கும், இதையே தனியாகக் கண்டுகாட்டிய ஜி. பி. தாம்சனுக்கும் போனது. ஜெர்மருக்கு இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் கல்லூரி லேப்தான் ஞாபகம் வரும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டு மணி நேரம் கழுத்து வலிக்கக் குனிந்து ரீடிங் எடுத்தது நான். அதை அப்படியே எழுதிக்கொண்டவனுக்கு 48, எனக்கு 41. கேட்டால், அவன் கையெழுத்து நன்றாக இருந்ததாம்.