இடுப்பு அறுவைக்குப் பின் பாதம் தொங்கிவிட்டது: அக்குபங்சர் நரம்பை மீட்குமா?

உங்கள் தாயாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வலது பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை. அக்குபங்சர் ஊசியால் இருபதே நாளில் சரியாக்குவதாக ஏற்காட்டில் ஒருவர் சொல்கிறார், அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் இருபது நாள் என்ற கணக்கை நம்பிப் போக வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். அறுவைக்குப் பின் என் அண்ணனின் கை தொங்கிப்போய், அது மீண்டு வரும்வரை ஏறத்தாழ ஓராண்டு உடனிருந்து பார்த்தவன்.

அண்ணன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை செய்பவர். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மழையில் வண்டி சறுக்கி, வலது மேற்கை எலும்பு முறிந்தது. தகடு வைத்து அறுவை செய்தார்கள். அறுவைக்கு முன் விரல்களை விரித்துக் காட்டியவருக்கு, மயக்கம் தெளிந்தபின் மணிக்கட்டே நிமிரவில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு அந்த எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. தகடு பொருத்தும்போது அதை விலக்கிப் பிடிக்க நேரும், அதில் அது இழுபடவும் கூடும். இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முதல் இரவு எங்கள் வீட்டில் அவ்வளவு அழுகை இருந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஊசியைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், நரம்புக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1943ஆம் ஆண்டு ஹெர்பர்ட் செடான் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். முதல் வகையில் நரம்பு அறுபடவில்லை, செய்தி கடத்துவது மட்டும் தற்காலிகமாக நின்றிருக்கும். சில வாரங்களில் தானே சரியாகும். இரண்டாம் வகையில் உள்ளிழைகள் அறுந்திருக்கும், ஆனால் அவற்றைச் சுற்றிய உறைகள் குலையாமல் இருக்கும். அந்த உறைக்குள்ளேயே இழை மீண்டும் வளர்ந்து தசையைத் தேடிப் போகும். மூன்றாம் வகையில் நரம்பே துண்டாகிவிடுகிறது. அதை அறுவை மருத்துவர் தைத்தோ ஒட்டு நரம்பு வைத்தோதான் சரிசெய்ய முடியும். எத்தனை ஊசி குத்தினாலும் அந்த இடைவெளி மூடாது. எந்த வகை என்று அறிய நரம்புக் கடத்தல் சோதனையும், தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் இஎம்ஜி சோதனையும் உதவுகின்றன. அண்ணனுக்கு ஐந்தாம் நாளே அதை எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் அவசரப்பட்டோம். அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதிகூடச் சில நாட்கள் செய்தியைக் கடத்திக்கொண்டிருக்கும் என்பதால், மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் சோதனை உண்மை பேசும் என்று நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அண்ணனுக்கு வந்தது இரண்டாம் வகை.

வளரும் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கையின் நடுவிலிருந்து மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்குப் போய்ச் சேர அதற்கு மூன்று நான்கு மாதங்கள் வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நாங்கள் முதலில் போன அக்குபங்சர் நிபுணரிடம் போயிருக்கவே மாட்டோம். அவர் நாடி பார்த்தார், சோதனை அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கையைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்பிளிண்டைக் கழற்றச் சொன்னார்; நரம்பு வலிக்குக் கொடுத்த மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று, தாங்கல் இல்லாமல் தொங்கிய மணிக்கட்டு இறுகத் தொடங்கியது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தப் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மருந்தையும் தாங்கலையும் விட்டுவிட்டு வரச் சொல்பவர் எவராக இருந்தாலும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பிறகு அண்ணன் போனது முறையாக இயற்கை மருத்துவம் படித்த ஒரு பெண் மருத்துவரிடம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இஎம்ஜி ரிப்போர்ட் கொண்டுவந்தீங்களா?" என்பதுதான். நரம்பை வளர்த்துத் தருவதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிச்சலும் மின்னல்போல் வெட்டும் வலியும் குறையலாம், குறைந்தால் பயிற்சி நன்றாகச் செய்யலாம் என்றார். தகட்டுக்கு மேலும் தழும்பின் மேலும் ஊசி வைக்கவில்லை. முழங்கை மடிப்பின் வெளிமுனையிலும், முன்கையின் முதுகுப்புறத்திலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையிலும் ஒருமுறை பயன்படுத்தியதும் வீசிவிடும் மெல்லிய ஊசிகளை வைத்து, இரண்டு ஊசிகளில் மட்டும் மிகக் குறைந்த மின்தூண்டல் கொடுத்தார். வாரம் இருமுறை, பத்து வாரம். மூன்றாவது வாரத்தில் அண்ணன் விடியும்வரை தூங்கினார். எங்கள் வீட்டில் அது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் மணிக்கட்டு நிமிர்ந்ததற்கு அந்த ஊசியைக் காரணமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நாலரை மாதத்தில், நரம்பு வந்து சேர வேண்டிய நேரத்தில்தான் அது நிமிர்ந்தது. மேற்கை முறிவோடு வரும் ரேடியல் நரம்புப் பாதிப்புகளில் பெரும்பாலானவை ஊசி இல்லாமலே இப்படி மீள்கின்றன. அடுத்து விரல்கள், கடைசியில் கட்டைவிரல் என்று நரம்பு பிரியும் வரிசைப்படியே எல்லாம் நடந்தது. நரம்பு வலிக்கு அக்குபங்சர் பயன்படுமா என்று ஆராய்ந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் நெரிபட்ட நரம்பை விடுவிக்கும் அறுவை முடிந்தவுடன், நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் அந்த நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்தால் இழைகள் விரைவாக வளர்கின்றன என்று டெசா கார்டன் என்ற அறிவியலாளரின் குழு கனடாவில் 2010இல் காட்டியது. அது அறுவை மருத்துவர் நேரடியாக நரம்பருகே செய்த தூண்டல். தோலில் வைக்கும் ஊசிக்கு அதைச் சான்றாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

அண்ணனுக்கு உண்மையில் வேலையைத் திருப்பித் தந்தது பிசியோதெரபி அறையில் கழிந்த நாட்கள் என்றே நினைக்கிறேன். ஒருநாள் அந்தப் பிசியோதெரபிஸ்ட் தொங்கிய மணிக்கட்டைத் தன் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ என் விரலை அழுத்துங்கண்ணா" என்றார். அண்ணன் அழுத்தினார், பலம் அப்படியே இருந்தது. விரலை மடக்கும் நரம்புகள் வேறு, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டுக்குத் தாங்கல் இல்லாததால்தான் பிடி தளர்ந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மறுநாளே ஸ்பிளிண்ட் கட்டிய கையால் சாமணத்தைப் பிடித்துப் பழகத் தொடங்கினார்.

உங்கள் தாயாரின் நிலை இன்னும் நீண்டது. இடுப்பு மூட்டு மாற்றில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் ஒரு பிரிவுதான் அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. இடுப்பிலிருந்து பாதத்தைத் தூக்கும் தசைவரை 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் என்பதால், இழைகள் அறுந்திருந்தால் ஓராண்டுக்கு மேல் ஆகலாம், முழுமையாக மீளாமலும் போகலாம். தசையோ நரம்பில்லாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருக்காது. ஆகவே இஎம்ஜி எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். முன்னேற்றம் தெரியாவிட்டால் நரம்பு அறுவை மருத்துவரைப் பார்க்கும் நாளை ஊசிக்காகத் தள்ளிப்போடாதீர்கள். பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்டை நடக்கும்போது அணியட்டும். குதிகால் தசைநார் இறுகாதபடி தினமும் பாதத்தை மேல்நோக்கி நீட்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் அதை ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் மின்தூண்டல் கூடாது. மரத்துப்போன பாதத்தில் மூலிகை கொளுத்திச் சூடு வைக்க எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். புண்ணாகும்வரை அவருக்குத் தெரியாது. உணர்ச்சி இல்லாத இடம் எது என்று மருத்துவரிடம் கேட்டுப் பேனாவால் எல்லை வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையும் அறிக்கையையும் பார்த்த பிறகே முதல் ஊசி வைக்கட்டும்.