டெர்மினேட்டர், ஊழ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கமுள்ள ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறேன். ஐப்பசி அடைமழையில், பழம் பறிப்பு இன்னும் தொடங்காதிருந்த ஒரு வாரத்தில், டெர்மினேட்டர் வரிசைப் படங்கள் ஆறையும் இரவுக்கு ஒன்றாகப் பார்த்து முடித்தேன். முன்பொரு கட்டுரையில் முதல் படத்தை நீங்கள் மிக உயர்த்தி எழுதியிருந்ததுதான் அதற்குக் காரணம். ஆனால் எனக்கு அந்தப் படம் ஏமாற்றத்தையே தந்தது. இறுதிக் காட்சிகளில் வரும் இரும்பு எலும்புக்கூடு பொம்மலாட்டப் பொம்மையைப்போல வெட்டி வெட்டி நடப்பதைக் கண்டு என் தங்கை சிரித்தே விட்டாள்.

அதைவிடப் பெரிய குறை கதையில் இருக்கிறது. 2029-ஆம் ஆண்டில் இயந்திரங்களோடு போரிடும் ஜான் கானர், தன் தாய் சாராவைக் கொல்ல அவை கடந்தகாலத்துக்கு அனுப்பிய இயந்திரத்திடமிருந்து அவளைக் காப்பாற்றுவதற்காகக் கைல் ரீஸ் என்ற வீரனை 1984-க்கு அனுப்புகிறான். அந்தக் கைல்தான் ஜானுக்கே தந்தையாகிறான். அவனை அனுப்பாவிட்டால் ஜான் பிறந்திருக்கவே முடியாது என்றால், முதன்முதலில் அவனை அனுப்பியது யார்? இரண்டாம் படம் மட்டுமே தேறும். அதில் வரும் திரவ உலோக மனிதனைப் பார்த்தால், அது 1991-ல் வெளிவந்தது என்பதை நம்பவே முடியவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாம் படத்தில் இயந்திர மனிதன் நட்சத்திர வடிவக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பது வெறும் கேலிக்கூத்து. மற்ற மூன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரு படங்களையும் இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் கைவிட்டதனால்தான் இந்தத் தொடர் அழிந்தது என்பது என் முடிவு. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது விரைவில் முடிந்துவிடும். 2019-ல் வந்த ஆறாம் படத்தின் தயாரிப்பாளர்களில் கேமரூனும் ஒருவர். கதையிலும் அவருக்குப் பங்குண்டு. முதல் இரு படங்களில் சாரா கானராக நடித்த லிண்டா ஹாமில்டனும் அதில் திரும்பி வந்தார். அப்படியும் அந்தப் படம் வணிகத்தில் விழுந்தது. வீட்டுக்காரர் இல்லாததால் வீடு சரிந்தது என்று சொல்வது எளிது. அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகும் வீடு நிமிரவில்லை என்றால், பழுது வேறெங்கோ இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

தங்கையின் சிரிப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 1984-ல் ஏறத்தாழ 64 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம் அது. 7 ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் படத்துக்கு ஆன செலவு 10 கோடி டாலர். ரோம் நகரில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, நெருப்புக்குள்ளிருந்து ஓர் உலோக எலும்புக்கூடு எழுந்து வருவதைக் கேமரூன் கனவில் கண்டார் என்பதும், அதிலிருந்தே இந்தக் கதை பிறந்தது என்பதும் அவரே சொல்லிப் பரவலான செய்தி. அந்த எலும்புக்கூட்டைச் சில காட்சிகளில் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்த ஆளுயரப் பொம்மையாகவும், சில காட்சிகளில் சிறிய உருவத்தை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடித்தும் காட்டினார்கள். உங்கள் தங்கை கண்ட வெட்டு அந்த இரண்டாம் முறையால் வந்தது. ஆனால் அந்த இடத்தில் இயந்திரத்தின் ஒரு கால் சிதைந்திருக்கிறது. அது காலை இழுத்து இழுத்துத்தான் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முழு வலுவோடு ஓடிவரும் ஒன்றைவிட, நொண்டிக்கொண்டும் நிற்காமல் வரும் ஒன்றுக்கு நான் இன்றும் அதிகமாகப் பயப்படுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பதற்குச் சற்றுத் தயங்கவும் வேண்டும். நீங்கள் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி வரும்போது கண்ணில் படும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் இருந்த அதே நிறுவனம், அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952-ல் ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைத் தயாரித்தது. அழிந்துபோன மயிர் யானைகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடு திரிகின்றன என்பது அதன் கதை. நிஜ யானைகளின் மேல் நீண்ட மயிர்ப் போர்வையைப் போர்த்தி அவற்றை மயிர் யானைகளாக்கினார்கள். நம் வட்டாரத்து அறிவியல் புனைவு யானைக்குச் சட்டை தைப்பதில் தொடங்கியது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இனி கதைக்கு வருகிறேன். முதன்முதலில் அனுப்பியது யார் என்று கேட்கிறீர்கள். சிறுவயதில் கம்சன் கதையைக் கேட்ட எந்தக் குழந்தையும் இதற்கு இணையான ஒரு கேள்வியைக் கேட்டிருக்கும்: எட்டாவது பிள்ளையால் சாவு என்று அசரீரி சொன்ன பிறகு, அந்த முட்டாள் தேவகியையும் வசுதேவரையும் ஏன் ஒரே சிறையில் அடைத்தான்? என் பாட்டி இதற்குப் பதில் சொன்னதே இல்லை. ‘அதுதாண்டா கதை’ என்று மட்டும் சொல்வாள். முதல் படத்தின் இயந்திரமும் கம்சனின் வழியில்தான் போகிறது. தன்னை அழிக்கப் போகிறவனைப் பிறக்கவிடாமல் செய்ய அது தாயைத் தேடுகிறது. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரு பெயரும் ஊரும் மட்டுமே. ஆகவே தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, சாரா கானர் என்ற பெயருள்ளவர்களை அச்சிட்ட வரிசைப்படியே ஒருவர் பின் ஒருவராகக் கொல்லத் தொடங்குகிறது. தேவகியின் பிள்ளைகளைக் கம்சன் கொன்ற அதே வரிசைப் புத்தி. கம்சனைவிடவும் ஒரு படி மேலே போய், கொல்ல அனுப்பிய செயலாலேயே அது அந்தக் குழந்தையைப் பிறப்பித்தும் விடுகிறது. கொலையாளி வராவிட்டால் காவலன் வந்திருக்க மாட்டான். காவலன் வராவிட்டால் குழந்தை இல்லை. நீங்கள் ஓட்டை என்று காட்டுவதுதான் அந்தப் படத்தைத் தாங்கும் உத்தரம். அந்த வட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி இருந்திருந்தால் அது ஒரு சாதாரணத் துரத்தல் படமாகப் போயிருக்கும்.

அதன் கடைசி நிமிடங்களை மறுபடி பாருங்கள். கருவுற்ற சாரா ஒரு ஜீப்பில், பக்கத்தில் ஒரு நாயோடு, பிறக்கப்போகும் மகனுக்காக ஒலிநாடாவில் பேசிப் பதிந்துகொண்டு மெக்சிகோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாள். ஒரு சிறுவன் உடனடிப் படம் எடுக்கும் கேமராவால் அவளைப் படமெடுத்துவிட்டு ஐந்து டாலர் கேட்கிறான். இல்லாவிட்டால் அப்பா அடிப்பார் என்கிறான். அவள் நான்கு டாலர் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொள்கிறாள். அந்தப் படத்தைத்தான் எதிர்காலத்தில் கைல் தன்னோடு வைத்திருந்து, பதுங்குகுழியில் அது எரிந்து கருகுவதைப் பார்த்தான். இந்தப் பெண் அப்போது எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பலமுறை யோசித்ததாகவும் சொல்லியிருந்தான். அவள் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிர்காலம் முன்கூட்டி எழுதப்பட்டதன்று என்ற செய்தியை அதே படத்தில் ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்கிறது. நான்கு டாலர்ப் புகைப்படமோ எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்கிறது. நான் புகைப்படத்தை நம்புவேனே தவிர வசனத்தை நம்பமாட்டேன்.

ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று
சூழினுந் தான்முந் துறும்.

திருக்குறளில் ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள் இது, 380-ஆவது. ஊழை விலக்க நாம் சூழ்ச்சி ஒன்றைச் செய்தால், அந்தச் சூழ்ச்சிக்கும் முன்னே ஊழ் போய் நிற்கும். முதல் படம் முழுக்க முழுக்க இந்தக் குறள்தான். 1991-ல் வந்த இரண்டாம் படம் இதே வள்ளுவரின் இன்னொரு குறளைப் பிடித்துக்கொண்டது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 620:

ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித்
தாழாது உஞற்று பவர்.

ஊழையும் புறமுதுகிட்டு ஓட வைப்பவர்கள் உண்டு என்கிறது அது. இந்த இரண்டையும் ஒருவரே எழுதினாரே என்று உரையாசிரியர்கள் பட்ட பாடு பெரிது. கேமரூனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அவர் ஒரு படத்துக்கு ஒன்றாக எடுத்தார். இரண்டாம் படத்தில், இயந்திரங்கள் உலகை அழிக்கப்போகும் பேரழிவு நாள் 1997 ஆகஸ்ட் 29 என்று குறிக்கப்படுகிறது. படத்தின் முடிவில் அது தடுக்கப்பட்டுவிடுகிறது. கதை அங்கே நியாயமாக முடிந்தும் விட்டது. அதற்குப் பிறகு படம் எடுக்க வேண்டுமானால், அந்த வெற்றியைச் செல்லாக் காசாக்கியே ஆக வேண்டும். ஆகவே மூன்றாம் படத்தில் அழிவு 2004-க்குத் தள்ளிப்போயிற்று. ஐந்தாம் படத்தில் 2017-க்கு. ஆறாம் படத்தில் பழைய எதிரிக்குப் பதில் வேறு பெயரில் இன்னொரு எதிரி வந்து அதே வேலையைச் செய்தது. மளிகைக் கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று மாட்டியிருக்கும் பலகையை நம்பி மறுநாள் போகிறவன் எத்தனை முறை போவான்? பார்வையாளர்கள் சலித்ததற்கு வரைகலையோ கேமரூனோ காரணமில்லை என்பது என் எண்ணம். ஊழும் வேண்டும், ஊழை வென்ற பெருமிதமும் வேண்டும், அடுத்த படமும் வேண்டும் என்ற பேராசைக்குக் கதை இடம் கொடுக்கவில்லை.

இதில் மூன்றாம் படத்தை மட்டும் நான் விலக்குகிறேன், நீங்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் சரி. நட்சத்திரக் கண்ணாடி அபத்தம்தான். அதுபோன்ற அபத்தங்கள் அதில் இன்னும் பல உண்டு. ஆனால் அதன் கடைசிப் பத்து நிமிடங்களில் ஒரு நேர்மை இருக்கிறது. பகைக் கணினியின் மூலத்தை அழிக்கப் போவதாக நம்பி ஜானும் கேட் என்ற பெண்ணும் மலைக்குள் இருக்கும் ஒரு பதுங்கிடத்துக்குப் போகிறார்கள். உள்ளே பழைய காலத்துக் கணினிகளும் தூசியும் தவிர ஒன்றுமில்லை. அழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதும், சாகும் தறுவாயில் இருந்த கேட்டின் தந்தை மகளையாவது உயிர்தப்ப வைக்கவே அந்த இடத்துக்கு அனுப்பினார் என்பதும் அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது. மேலே உலகம் எரிகிறது. வானொலியில் யாரோ அழைக்கிறார்கள். ஜான் பதில் சொல்கிறான். தான்முந்துறும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு வணிகப்படத்தை நான் பார்த்ததில்லை. நான்காம் படத்தைப் பற்றி உங்களைப்போலவே எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் படம் மட்டுமே தேறும் என்ற உங்கள் தீர்ப்பை ஏற்காவிட்டாலும், அதன்மேல் உங்களுக்குள்ள அன்பில் நானும் பங்காளிதான். ஆனால் அந்த அன்புக்கு நீங்கள் காட்டும் காரணம் திரவ உலோக மனிதன். நான் காட்டுவது வேறொரு காட்சி. பேரழிவுக்குக் காரணமாகப் போகும் கணினியை வடிவமைத்துக்கொண்டிருக்கும் டைசன் என்ற பொறியாளனைக் கொல்ல, சாரா இரவில் அவன் வீட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு காத்திருக்கிறாள். அவன் முதுகில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி ஊர்கிறது. முதல் படத்தில் அந்த இயந்திரம் அவளைக் குறிபார்த்ததும் இப்படி ஒரு சிவப்புப் புள்ளியால்தான். இன்னும் செய்யாத குற்றத்துக்காக ஒருவனை முன்கூட்டியே கொல்ல வந்து நிற்கும் கம்சன் இப்போது அவளே. டைசனின் மகன் ஓட்டும் பொம்மை வண்டி தகப்பனின் காலில் வந்து முட்ட, அவன் குனிய, குண்டு தவறிப்போகிறது. பிறகு அவள் வீட்டுக்குள்ளே வந்து கைத்துப்பாக்கியை நீட்டும்போது அந்தச் சிறுவன் தந்தையின் மேல் விழுந்து மறைத்துக்கொள்கிறான். அவளால் சுட முடியவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுகிறாள்.

இந்தப் படத்தை நான் 1990-களின் தொடக்கத்தில் சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு திரையரங்கில் என் சித்தப்பாவோடு பார்த்தேன். அவர் கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலையில் க்ரேன் ஓட்டியவர். ஊரெல்லாம் இரும்பாலை என்று அழைத்தாலும் அந்த நாட்களில் அங்கே உருட்டுப் பட்டறைதான் இருந்தது. வெளியிலிருந்து வரும் உருக்குச் சுருள்களைத் தகடாக உருட்டுவார்கள். உருக்கும் உலை வந்தது 2010-ல்தான். பயிற்சிக்காகப் பிலாய் போயிருந்தபோது உருகிய இரும்பைப் பார்த்திருந்த சித்தப்பா, இறுதிக் காட்சியில் கதாபாத்திரங்கள் அதன் விளிம்பில் நின்று பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவ்வளவு கிட்டத்தில் நின்றால் முகம் வெந்துவிடும் என்று முணுமுணுத்தார். அவர் சந்தேகம் சரிதான் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஃபோன்டானா என்ற ஊரில் மூடிக்கிடந்த உருக்காலை அது. கொதிப்பெல்லாம் விளக்கொளியின் வேலை.

தன்னையே அழித்துக்கொள்ளும் அனுமதி தனக்கு இல்லை என்று சொல்லி, இந்தப் படத்தில் காவலனாக வரும் இயந்திரம் சாராவிடம் க்ரேனின் பொத்தான் பெட்டியைக் கொடுக்கிறது. சங்கிலியில் நின்றபடி அது உருகிய இரும்புக்குள் இறங்குகிறது. அரங்கில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது சித்தப்பா அழுகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த வகைப் பெட்டியில் பொத்தானிலிருந்து விரலை எடுத்த கணமே க்ரேன் நின்றுவிடும் என்றார். அது கீழே போய்ச் சேரும்வரை அந்தப் பெண் அழுத்திக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும் என்றார்.

அன்புடன்.