வாடகைப் பற்றுச்சீட்டு உங்கள் வரியைக் குறைக்காது

கேள்வி: தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 210,000 ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்ததால், உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட 35,000 ரூபா வாடகைக்கு வீடெடுத்துக் குடும்பத்துடன் இருக்கிறேன். ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கையில் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. என்னுடன் படித்து இப்போது சென்னையில் வேலை செய்யும் நண்பர், வாடகைப் பற்றுச்சீட்டைக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்கிறாராம். நானும் வீட்டுக்காரரிடம் பற்றுச்சீட்டு கேட்டேன். “பிறகு இறைவரிக்காரர் என் வாசலுக்கு வருவார்கள்” என்று மறுத்துவிட்டார். வாடகையைக் காட்டி எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? வங்கியில் 15 இலட்சம் ரூபா நிலையான வைப்பும் உண்டு. வட்டி 8 வீதம்.

பதில்: ஒரு சதமும் மிச்சம் பிடிக்க முடியாது. இதற்காக வீட்டுக்காரருடன் மனக்கசப்பு வேண்டாம்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் சம்பளத்தோடு வீட்டு வாடகைப் படி பெறுகிறவர், பழைய வரி முறையைத் தெரிவு செய்திருந்தால், வாடகையைக் காட்டி அந்தப் படியில் ஒரு பகுதிக்கு விலக்குப் பெறலாம். புதிய முறைக்குப் போனவருக்கு அங்கேயும் அது கிடையாது. இலங்கைச் சட்டமோ, குடியிருக்கும் வீட்டின் வாடகையை அரிசி, பருப்பு வாங்கும் செலவோடு ஒன்றாகவே பார்க்கிறது. நிறுவனம் உங்களுக்கு வாடகைப் படி என்று தனியாகத் தந்தாலும், அதுவும் சம்பள வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 2020 முதல் 2022 வரை மருத்துவம், கல்வி, வீட்டுக்கடன் வட்டி போன்ற செலவுகளுக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் வரை கழிவு இருந்தது. அந்தப் பட்டியலிலும் வாடகைக்கு இடமிருக்கவில்லை.

வாடகைக்கென்று ஒரு சலுகை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது வீட்டுக்காரருக்கு. அவர் பெறும் வாடகையில் 25 வீதத்தைத் திருத்த வேலை, பராமரிப்பு, தேய்மானம் என்று கழித்துக்கொள்ளலாம்; அப்படிக் கழித்தால் கூரை மாற்றிய செலவைத் தனியாகக் காட்ட முடியாது. வாடகை கொடுப்பவனுக்கு ஒன்றுமில்லை, வாங்குபவனுக்குக் கால்வாசி என்பது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அவருடைய பயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஆண்டுக்குக் கொடுப்பது 420,000 ரூபா. கால்வாசி போக 315,000. தனிநபர் நிவாரணமோ, அதாவது ஒருவரின் வருமானத்தில் வரி விதிக்கப்படாத பகுதியோ, ஆண்டுக்கு 18 இலட்சம். வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் அவர் வரியே கட்ட வேண்டியதில்லை. இதை அவரிடம் ஒரு தேநீர் நேரத்தில் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரையான சம்பளத்துக்கு வரியில்லை. மிச்சம் 60,000க்கு 6 வீதம், அதாவது மாதம் 3,600 ரூபாவை நிறுவனம் பிடித்துக் கட்டும். வாடகை முழுவதையும் கழிக்க விட்டிருந்தாலும் உங்களுக்கு மிஞ்சியிருப்பது மாதம் 2,100 ரூபாதான். சென்னை நண்பரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அளவுக்கு அது பெரிய தொகையல்ல.

நீங்கள் கேட்காத இடத்தில்தான் உங்கள் காசு கிடக்கிறது. 15 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் ஆண்டு வட்டி 120,000. வங்கி அதில் 10 வீதம், 12,000 ரூபாவைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. பலர் இதைக் கைவிட்ட காசாக நினைக்கிறார்கள். உண்மையில் அது முற்பண வரி. சம்பளத்தையும் வட்டியையும் சேர்த்தாலும், நிவாரணம் போக உங்கள் வரிக்குரிய வருமானம் 840,000தான். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால், வட்டிக்கு நீங்கள் கட்ட வேண்டியது 7,200. மீதி 4,800 ரூபா உங்களுடையது. ஆனால் கேட்டால்தான் வரும்.

கேட்பது என்றால் வரி விவரத்திரட்டு சமர்ப்பிப்பது. வரி அடையாள இலக்கம் இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். நிறுவனத்திடமிருந்து, ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ரி.10 சான்றிதழையும், வங்கியிடமிருந்து வரி பிடித்த சான்றிதழையும் வாங்கிக்கொண்டு இணையத்தில் நிரப்பலாம். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு அதே ஆண்டு நவம்பர் 30 கடைசி நாள். மொத்த ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள், உதாரணமாக வைப்பு வட்டியில் காலம் தள்ளும் முதியவர்கள், வங்கியில் சுயபிரகடனம் கொடுத்துப் பிடித்தத்தையே தவிர்க்கலாம். உங்கள் சம்பளம் அந்த எல்லையைத் தாண்டியதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

வரி ஒருபுறம் இருக்க, உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிப்போட்டது அந்த முற்பணம். ஒரு மாதச் சம்பளம் முழுவதையும், 210,000 ரூபாவை, துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். பற்றுச்சீட்டு உங்களுக்குத் தேவைதான். ஆனால் அது இறைவரித் திணைக்களத்துக்குக் காட்ட அல்ல, நாளை முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது காட்ட. அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் இனி வாடகையை அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். கொடுத்த முற்பணத்தின் தொகையையும் திகதியையும் எழுதி ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். “கிடைத்தது” என்று அவர் பதில் போட்டால் அதுவும் ஒரு சான்று.

இன்னொன்று. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமென்றால், அது நொத்தாரிசு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் இருப்பதோ உப்புவெளியில். மே மாதம் கடல் அமைதியானதும் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்குவார்கள். செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கம் ஓர் அறையின் ஒரு நாள் கூலியைக் கேட்டாலே வீட்டுக்காரரின் மனம் அலைபாயும். வாய்ச்சொல்லில் இருக்கும் குடும்பத்தை எழுப்புவது அப்போது எளிது. நொத்தாரிசுச் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசி, ஒரு வருட ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் முற்பணத் தொகையும், வெளியேறச் சொல்வதற்கு எத்தனை மாத அவகாசம் என்பதும் இருக்கட்டும். பேச்சை ஏப்ரலுக்கு முன்பே தொடங்குங்கள்.