மேல்மாடியில் சுடுநீர்த் தொட்டி: கல்லடி நண்பருக்குப் பதில்

மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் உள்ள உங்கள் வீட்டின் மேல்மாடியில், ஆட்கள் இறங்கிக் குளிக்கும் 1,200 லீற்றர் சுடுநீர்த் தொட்டியை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ வரும் என்பதால், தொட்டியின் எடையையும் உள்ளே இறங்குவோரின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, கட்டடப் பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் உறுதி தரும்வரை அங்கே வைக்கவே வேண்டாம். முற்றத்தில் கொங்கிரீட் தளம் போட்டு வைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மின்சாரத்துக்குத் தனி வயர் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் கட்டாயம் பொருத்துங்கள். கடற்காற்றில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஆகவே சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று பாருங்கள்.

வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் இறங்க வேண்டாம். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், பூட்டுள்ள மூடி இல்லாத தொட்டியை வாங்கவே வேண்டாம்.